சீனிச் சங்கிலியைப் பற்றீரியாவுக்கு ஏன் நீட்ட வேண்டும்?

கொழும்பில் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது. மனோசு என்ற சீனியைத் தாங்கிய செயற்கைப் பல்பகுதியம் (சிறு அலகுகள் பல சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு) ஒன்றைச் செய்து, ஈ.கோலி பற்றீரியா அதில் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கிடைத்திருக்கும் ஆய்வுத் தலைப்பு. "ஒட்டுவது மனோசில்தான் என்றால் மனோசையே கரைத்து ஊற்றிப் பார்க்கலாமே, நடுவில் பல்பகுதியம் எதற்கு?" என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறதாம். கனடாவிலிருந்து சித்தி மனோசுத் தூள் அனுப்பியிருக்கிறாராம். அதற்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு, தங்கச்சி. இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஆறுதலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு சொல். உயர்தரத்தில் நாங்கள் 'வெல்லம்' என்று படித்ததைத்தான் இங்கே சீனி என்று எழுதுகிறேன். தேத்தண்ணீருக்குப் போடும் சுக்குரோசு அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் மட்டும்தான். மனோசு, கலக்டோசு, ஃபியூக்கோசு, சியாலிக் அமிலம் எல்லாம் அதே குடும்பத்துச் சொந்தங்கள். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலமும் இந்தச் சீனிகளால் ஆன ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒரு பற்றீரியா முதலில் தொடுவது அந்தப் போர்வையைத்தான். சிறுநீர்ப்பையின் உட்பக்கக் கலங்களில் யூரோபிளாக்கின் என்ற புரதம் இருக்கிறது. அதில் மனோசுக் கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஈ.கோலியின் பக்கத்தில் என்ன இருக்கிறது? அதன் உடம்பைச் சுற்றிச் சில நூறு மயிர்கள். முதலாம் வகை ஃபிம்பிரியா என்பார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 7 நானோமீற்றர் தடிப்பு, 1 முதல் 2 மைக்ரோமீற்றர் நீளம், அதாவது பற்றீரியாவின் உடம்பளவே நீளம். அந்த மயிரின் நுனியில் ஃபிம்-எச் என்ற ஒரே ஒரு புரதம். அதில் மனோசு வந்து உட்காரும் ஒரு குழி. சீனியைப் பிடிக்கும் இப்படியான புரதங்களுக்கு லெக்டின் என்று பொதுப் பெயர். ஈ.கோலி செங்குருதிக் கலங்களைத் திரள வைப்பதை மனோசு தடுக்கிறது என்பது 1950களிலேயே தெரியும். 1977இல் ஓஃபெக், மிரெல்மன், ஷாரன் மூவரும் மனிதரின் சளிச்சவ்வுக் கலங்களில் ஈ.கோலி ஒட்டுவதும் இந்த மனோசுப் பிடியால்தான் என்று காட்டினார்கள்.

இதை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் பல்பகுதியத்துக்கு வரவேண்டும் என்பது என் பிடிவாதம். பேக்கரியில் பாண் மாவுக்குப் போடும் அதே ஈஸ்டை எடுங்கள். ஈஸ்டின் கலச்சுவரின் வெளிப்புறம் முழுக்க மனோசாலான மன்னன் என்ற பதார்த்தம். கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் கரைசல் ஒரு துளி, பக்கத்தில் ஈ.கோலி கரைசல் ஒரு துளி. இரண்டையும் பல்குத்தும் குச்சியால் சேர்த்துக் கலக்கிவிட்டு, தகட்டைக் கறுப்புத் தாளுக்கு மேலே பிடித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டுங்கள். முதலில் மாப்பால் மாதிரிச் சீராக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் சின்னச் சின்னக் குருணை தெரியும். பிறகு திரைந்த பால் மாதிரி முழுத்துளியும் வெள்ளைத் திப்பியும் தெளிந்த நீருமாகப் பிரிந்துவிடும். இன்னொரு தகட்டில் இதையே கொஞ்சம் மனோசு சேர்த்துச் செய்யுங்கள். குருணை வராது. மனோசுக்குப் பதில் கலக்டோசு சேர்த்தால் மறுபடியும் திரையும். மனோசு, கலக்டோசு இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் ஓரிரு ஐதரொட்சில் கூட்டங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதில்தான். ஒரு பற்றீரியா அதைப் பிரித்தறிகிறது என்பதை ஒரு கண்ணாடித் தகட்டில் பார்த்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்வி. தடுக்கிறதே, பிறகு ஏன் மனோசு மட்டும் போதாது?

அந்தத் தகட்டில் எவ்வளவு மனோசு சேர்த்தீர்கள் என்று பாருங்கள். நிறையச் சேர்த்திருப்பீர்கள். தனி மனோசின் பிடி பலமில்லாதது. வருவதும் போவதுமாக இருக்கும். ஈஸ்டின் மேற்பரப்போ சிறுநீர்ப்பைக் கலமோ மனோசை ஒவ்வொன்றாக நீட்டுவதில்லை, காடாக நீட்டுகின்றன. ஊரில் பற்றைக்குள் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருக்கும் அல்லவா? ஒன்றைத் தட்டிவிட்டால் விழுந்துவிடும். கரை முழுக்க ஒட்டியிருந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத்தான் பிய்க்க வேண்டும். ஒன்று கழன்றாலும் மற்றவை பிடித்து வைத்திருக்கும், கழன்றதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். உயிரியலில் சீனியும் லெக்டினும் கட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த விதமாகத்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த எண்கள் யுவான் சுவான் லீயின் வேலையிலிருந்து வருபவை. முயலின் ஈரல் கலத்தில் கலக்டோசைப் பிடிக்கும் ஒரு லெக்டின் இருக்கிறது. கலக்டோசு ஒன்று மட்டும் உள்ள மூலக்கூறு அதைத் தடுக்க 1 மில்லிமோலார் செறிவு வேண்டும் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோமோலார், அதில் ஆயிரத்தில் ஒன்று நானோமோலார்). சரியான இடைவெளியில் இரண்டு இருந்தால் 1 மைக்ரோமோலார். மூன்று இருந்தால் சில நானோமோலார். சீனி மூன்று மடங்கானது, பிடியோ இலட்சம் மடங்கையும் தாண்டியது. கொத்து விளைவு என்று இதற்குப் பெயர். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு எல்லா லெக்டினும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஈரல் லெக்டினில் குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அதனால்தான் அவ்வளவு பெரிய பாய்ச்சல். இதற்குத் திரும்ப வருகிறேன்.

இங்கேதான் பல்பகுதியம் வருகிறது. பற்றீரியா ஒட்டுவதை ஆராய உண்மையான கலத்தின் போர்வையை எடுத்தால் அதில் எதையும் தனியாக மாற்ற முடியாது. ஒரு கலத்தில் எத்தனை மனோசு, எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நீளக் காம்பில் என்பதெல்லாம் உயிர் தீர்மானித்துவிட்டது. செயற்கைச் சங்கிலியில் அந்தத் தீர்மானம் உங்கள் கையில். சங்கிலி 20 அலகா 200 அலகா, ஒவ்வொரு அலகிலும் மனோசா, பத்துக்கு ஒன்றிலா, காம்பு குட்டையா நீளமா என்று ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கலாம். ஆகவே உங்கள் பல்பகுதியத்தைப் பலமான மனோசு என்று நினைக்காமல் ஒரு அடிமட்டம் என்று நினையுங்கள். பற்றீரியாவின் பிடியை அளக்கும் அடிமட்டம். நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயம் இதுதான். கீழே வருவதெல்லாம் அந்த அடிமட்டத்தில் கோடுகள் பிழைக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதே.

இதற்கு நீளம் சீரான சங்கிலி வேண்டும். பழைய முறைப் பல்பகுதியமாக்கலில் ஒரே பாத்திரத்தில் குட்டையும் நெட்டையுமாகச் சங்கிலிகள் கலந்து கிடக்கும். 1990களில் லோரா கீஸ்லிங்கின் குழு, வளையம் திறந்து பல்பகுதியமாகும் ஒரு தாக்கத்தைக் கொண்டு நீளம் கட்டுப்பட்ட சீனிச் சங்கிலிகளைச் செய்து லெக்டின்களோடு வைத்துப் பார்த்தது. 1998இல் அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.விலிருந்து, சங்கிலிகளைக் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வளர்க்கும் ராஃப்ட் முறை வந்த பிறகு, நீரிலும் சீனியோடும் ஒத்துப்போகும் ஒரு வழி எல்லோருக்கும் கிடைத்தது. உங்களுக்கும் அனேகமாக ராஃப்ட்தான் தருவார்கள்.

சீனியை எப்போது மாட்டுவது என்பதற்கு இரண்டு வழி. சீனி பூட்டிய அலகுகளையே சங்கிலியாக்கலாம். அல்லது வெறும் சங்கிலியை முதலில் செய்துவிட்டு, அதில் உள்ள கொக்கிகளில் சீனியைப் பிறகு மாட்டலாம். இப்படி மாட்டுவதற்கு அசைட்டு, அல்கைன் என்ற இரண்டு கூட்டங்கள் செப்பின் துணையோடு சேரும் கிளிக் தாக்கம் பெயர் போனது. 2022இன் இரசாயனவியல் நோபல் பரிசு பெர்ட்டோசி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் அந்த வகை இரசாயனத்துக்காகத்தான் கிடைத்தது. உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டாவது வழியைத்தான். ஒரே சங்கிலித் தொகுதியை மூன்றாகப் பிரித்து ஒன்றில் மனோசு, ஒன்றில் கலக்டோசு, ஒன்றில் சீனியே இல்லாமல் ஒரு சாதாரண ஐதரொட்சில் கூட்டம் என்று மாட்டலாம். மூன்றுக்கும் நீளம் ஒன்றே, பரவலும் ஒன்றே. இப்படி ஒரு நேர்மையான ஒப்பீடு வேறு வழியில் சுலபமாகக் கிடைக்காது. செப்பைப் பாவித்தால் கடைசித் துளி வரை கழுவி எடுங்கள், செப்பு பற்றீரியாவைக் கொல்லும்.

இனிக் கான்-ஏ பற்றிச் சொல்லவேண்டும். முதலில் அதில்தான் சோதிக்கச் சொல்வார்கள். கான்கனவலின் ஏ என்பது வாளவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் லெக்டின். 1919இல் ஜேம்ஸ் சம்னர் அதைப் பிரித்தெடுத்தார். நடுநிலையான பி.எச்.சில் நான்கு துண்டுகள் சேர்ந்து நிற்கும், நான்கிலும் மனோசுக் குழி, குழிகளுக்கிடையே கிட்டத்தட்ட 6.5 நானோமீற்றர். உங்கள் மனோசுச் சங்கிலியைக் கான்-ஏ கரைசலில் விட்டால் சில நிமிடத்தில் கலங்கும். கச்சானிலிருந்து எடுக்கும் லெக்டின் கலக்டோசைப் பிடிக்கும், மனோசைச் சீண்டாது. ஆகவே வாளவரையும் கச்சானும் உங்கள் இரண்டு சங்கிலிகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க அருமையான சோடி. அதோடு அவற்றின் வேலை முடிந்தது. கான்-ஏயில் நன்றாக ஒட்டியது, ஆகவே பற்றீரியாவிலும் ஒட்டும் என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிம்-எச்சுக்கு ஒரு மயிர் நுனியில் ஒரே குழி. அடுத்த குழி அடுத்த மயிரின் நுனியில், பல நூறு நானோமீற்றர் தள்ளியும் இருக்கலாம். உங்கள் சங்கிலியில் ஓர் அலகு இழுத்து நீட்டினால் சுமார் 0.25 நானோமீற்றர். 100 அலகு என்றால் 25 நானோமீற்றர், அதுவும் முழுக்க நீட்டினால். நீரில் அது சுருண்டுதான் கிடக்கும். ஒரே சங்கிலி ஒரே பற்றீரியாவின் இரண்டு மயிர்களைச் சேர்த்துப் பிடிப்பது அபூர்வம். அப்படியானால் சங்கிலி ஏன் தனி மனோசைவிட நன்றாக வேலை செய்கிறது? ஒரு மனோசு குழியை விட்டு நழுவியதும் பக்கத்து மனோசு அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. குழியின் வாசலில் எப்போதும் ஆள் நிற்கிறது. அதோடு மயிர்கள் அசையக்கூடியவை, இரண்டு பற்றீரியாக்கள் உரசும்போது ஒரு சங்கிலி இரண்டு பேரின் மயிரையும் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் உங்கள் ஆய்வுக்கு அதுவே போதும். நீளத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். வாசலில் ஆள் நிற்கும் விளைவு குட்டைச் சங்கிலியிலேயே நிறைவடைந்துவிடலாம். பாலம் போடுவது நீளத்தோடு கூடிக்கொண்டே போகவேண்டும்.

எந்தக் கணக்கையும் ஒரு மனோசுக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்லுங்கள். 100 மனோசு தொங்கும் சங்கிலி தனி மனோசைவிட 100 மடங்கு நன்றாகத் தடுத்தால், மனோசு ஒன்றுக்கு லாபம் எதுவுமில்லை.

காம்பு விஷயம் இன்னும் நுட்பமானது. நல்ல ஆய்வாளர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஃபிம்-எச்சின் குழி வாயிலில் தைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு கதவு மாதிரி நிற்கின்றன. கொழுப்புத்தன்மையுள்ள எதையும் அந்தக் கதவு விரும்பும். 2005இல் வந்த அளவீடுகளில், தனித்தெடுத்த ஃபிம்-எச் லெக்டின் பகுதியில் வெறும் மனோசின் பிரிகை மாறிலி (இது குறையக் குறையப் பிடி பலம்) 2.3 மைக்ரோமோலார். மனோசில் ஏழு காபன் வால் ஒன்றை ஒட்டினால் அது 5 நானோமோலார். ஒரு வாலுக்கு நானூறு மடங்குக்கு மேல். சங்கிலியும் இல்லை, கொத்தும் இல்லை. இப்போது நீங்கள் மனோசைச் சங்கிலியில் மாட்ட ஒரு காம்பு வைப்பீர்கள். அந்தக் காம்பே கதவைப் பிடித்துக்கொண்டால், கிடைத்த லாபத்தைக் கொத்து விளைவு என்று எழுதிவிடுவீர்கள். ஆகவே ஒப்பிட வேண்டியது கடைக் குப்பியில் இருக்கும் மனோசோடு அல்ல. அதே காம்பு பூட்டிய ஒற்றை மனோசு மூலக்கூறு ஒன்றைத் தனியாகச் செய்து அதோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு வாரம் எடுக்கும். பரவாயில்லை, செய்யுங்கள்.

அடுத்தது ஓட்டம். சிறுநீர்ப்பை நின்ற குளம் இல்லை. ஓட்டம் கூடினால் ஒட்டியது கழுவுப்பட்டுப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். 2002இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தோமஸ், வோகல், சொகுரென்கோ குழுவினர் பார்த்தது நேர்மாறானது. ஓட்டம் கூடியபோது ஃபிம்-எச் இன்னும் இறுக்கிப் பிடித்தது. கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கம்பியை லேசாகத்தான் பிடித்திருப்போம். டிரைவர் பிரேக் அடித்ததும் விரல்கள் தாமாகவே இறுகும். ஃபிம்-எச்சுக்கும் அப்படி ஒரு அமைப்பு உண்டு. அதில் இரண்டு பகுதிகள். மயிரோடு சேர்ந்த பகுதி, மனோசைப் பிடிக்கும் பகுதியோடு ஒட்டி நின்று அதைத் தளர்வாக வைத்திருக்கிறது. இழுவை வந்து இரண்டையும் பிரித்ததும் குழி மனோசைச் சுற்றி இறுகுகிறது. ஆகவே ஆடாத தட்டில் எடுத்த அளவு பற்றீரியாவின் பாதிக் கதையைத்தான் சொல்லும். மெல்லிய ஓட்டக் குழாய் ஒன்றும் சிரிஞ்சுப் பம்பும் கிடைத்தால், பல்பகுதியத்தைக் கண்ணாடியில் பூசி அதன் மேல் பற்றீரியாவை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வறிக்கையில் அந்த எல்லையை ஒரு பந்தியில் எழுதிவிடுங்கள்.

இனி என் அனுபவம் ஒன்று. நான் இந்த வேலையைத் தொடங்கியபோது கான்-ஏயில் அழகாக வேலை செய்த என் சங்கிலி ஈ.கோலியில் ஒன்றுமே செய்யவில்லை. ஐந்து வாரம். சங்கிலியைத் திரும்பச் செய்தேன், நீட்டிச் செய்தேன், காம்பை மாற்றினேன். பிழை சங்கிலியில் இருக்கவே இல்லை. பற்றீரியாவை நான் குலுக்கும் பெட்டியில் வைத்து நன்றாகக் காற்றுப்படச் சில மணித்தியாலமே வளர்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஈ.கோலியின் டி.என்.ஏ.யில் 314 சோடி நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. அது ஒரு பக்கம் திரும்பி நின்றால் மயிர் முளைக்கும், மறுபக்கம் திரும்பினால் மயிரே இல்லை. குலுக்கி வளர்த்த என் குப்பியில் பெரும்பாலானவை மொட்டையாக இருந்திருக்கின்றன. ஈஸ்ட் துளியோடு ஒருதரம் கலந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். குலுக்காமல் 37 பாகையில் 48 மணித்தியாலம் திரவ ஊடகத்தில் வைத்து, மேலே படியும் ஆடையிலிருந்து எடுத்து அடுத்த குப்பிக்கு மாற்றி, அப்படி இரண்டு மூன்று தரம் செய்த பிறகு மயிருள்ளவை பெருகின. அதே பழைய சங்கிலி அன்று பின்னேரமே திரள வைத்தது. மேலே ஈஸ்ட் பரிசோதனையில் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒன்று சொல்லவேண்டும். உறைய வைத்து உலர்த்திய சீனிப் பல்பகுதியம் வெளியே எடுக்கும்போது இலவம் பஞ்சு மாதிரி இருக்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் மூடியைத் திறந்து தராசுத் தட்டில் வைத்துப் பாருங்கள். எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் பஞ்சு சுருங்கி, ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கி, தட்டில் பிசினாக ஒட்டிவிடும். அந்த நிறையில் கணிசமான பங்கு தண்ணீர். அதை வைத்துச் செறிவு கணக்கிட்டால் எல்லா எண்ணும் பிழைக்கும். சின்னக் குப்பிகளில் பங்கு பிரித்துச் சிலிக்கா ஜெல்லோடு குளிரில் வையுங்கள். திறக்குமுன் குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளேயே வியர்க்கும். அதைவிட நல்லது, நிறையை நம்பாமல் கரைசலில் உள்ள சீனியையே பீனோல்-சல்பூரிக் அமிலச் சோதனையால் அளப்பது.

ஏற்றத்தையும் கவனியுங்கள். பற்றீரியாவின் மேற்பரப்பு எதிரேற்றம் கொண்டது. கொக்கிகளில் சீனி மாட்டாமல் மிஞ்சிய அமைன்கள் இருந்தால் அவை நேரேற்றத்தோடு நின்று எந்தப் பற்றீரியாவையும் பிடிக்கும். மனோசு பிடித்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சீனியில்லாத சங்கிலியை ஒப்பீட்டுக்கு வைக்கச் சொன்னது இதற்குத்தான். ராஃப்ட் சங்கிலியின் முனையில் மஞ்சளாகவோ ரோசாவாகவோ நிற்கும் கந்தகத் துண்டையும் நீக்கிவிடுங்கள். சிலவற்றில் நீண்ட கொழுப்பு வால் இருக்கும், அது சங்கிலிகளையே ஒன்றோடொன்று சேர்த்துவிடும்.

இன்னொரு குழப்பம் திரளுவதும் தடுப்பதும். கொஞ்சமாகச் சேர்த்தால் சங்கிலி பாலமாக நின்று பற்றீரியாக்களைத் திரள வைக்கும். நிறையச் சேர்த்தால் ஒவ்வொரு பற்றீரியாவையும் தனித்தனியே போர்த்திவிடும், திரளாது. ஒரே ஒரு செறிவில் பார்த்துவிட்டுத் திரளவில்லை, ஆகவே ஒட்டவில்லை என்று எழுதினால் பிழை. திரண்ட பற்றீரியா தனித்த பற்றீரியா மாதிரி நடந்துகொள்ளவும் மாட்டாது. 2013இல் நாட்டிங்ஹாம் குழு ஒன்று, சீனியில்லாத நேரேற்றப் பல்பகுதியங்களால் ஒளிவிடும் விப்ரியோ பற்றீரியாவைத் திரள வைத்தபோது அவை தங்களுக்குள் சேதி பரிமாறும் முறை தூண்டப்பட்டு ஒளி கூடியதைக் காட்டியது. அதே மாதிரி, ஒப்பீட்டுக்கு வைக்கும் கலக்டோசுச் சங்கிலியும் ஈ.கோலிக்கு முழுக்க அந்நியம் இல்லை. கலக்டோசை மணந்து அதை நோக்கி நீந்தும் வாங்கிகள் அதற்கு உண்டு, கலக்டோசுச் சங்கிலிகளால் அவற்றைத் தூண்டலாம் என்று கீஸ்லிங்கின் குழு 2002இல் காட்டியிருக்கிறது. ஒட்டுவதற்குக் கலக்டோசு நல்ல ஒப்பீடுதான். நீந்தும் பற்றீரியாவின் நடத்தைக்கு அல்ல.

எல்லாவற்றிலும் உறுதியான ஒப்பீடு பற்றீரியாவின் பக்கத்தில் இருக்கிறது: மனோசைப் பிடிக்கமுடியாத பிறழ்வு வகை. 2004இல் சீபர்கர், சுவேகர் குழுக்கள் ஒளிரும் பல்பகுதியம் ஒன்றில் மனோசை மாட்டி ஈ.கோலியோடு கலந்தார்கள். பற்றீரியாக்கள் ஒளிரும் கொத்துகளாகச் சேர்ந்தன, ஆயிரம் பத்தாயிரம் என்ற எண்ணிக்கையில் இருந்தாலே கண்டுபிடிக்க முடிந்தது. என்னை நம்பவைத்தது அந்த ஒளி அல்ல. மனோசைப் பிடிக்காத பிறழ்வு வகையோடு கலந்தபோது ஒன்றும் சேரவில்லை என்பதுதான். அப்படி ஒரு சோடியைக் கேட்டு வாங்கப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நோய்க்கிருமி எடுக்கவேண்டாம், தீங்கில்லாத கே-12 ஆய்வுகூட வகைகளிலேயே இந்த மயிர் முளைக்கும்.

அம்மாவின் விஷயம். மனோசுத் தூளின் பின்னால் இருக்கும் எண்ணம் நீங்கள் தகட்டில் பார்க்கப்போகும் அதே எண்ணம்தான்: சிறுநீரில் மனோசு இருந்தால் பற்றீரியாவின் குழிகள் நிரம்பிவிடும், கலத்தில் ஒட்டாது. ஆனால் தனி மனோசின் பிடி எவ்வளவு தளர்ந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கலத்தின் பக்கம் காடு, எங்கள் பக்கம் உதிரி. 2024இல் பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், ஆறு மாதம் தினமும் 2 கிராம் மனோசு எடுத்தவர்களுக்கும் போலித் தூள் எடுத்தவர்களுக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் வரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், எல்லாத் தொற்றும் ஈ.கோலியால் வருவதுமில்லை. சித்தி அன்போடு அனுப்பியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பி வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த தரம் எரிவு தொடங்கியதும், மருந்து எடுக்குமுன் சிறுநீர்க் கல்ச்சர் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பற்றீரியா, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்து எடுக்கலாம். காய்ச்சலோ முதுகின் பக்கத்தில் நோவோ இருந்தால் அன்றே போகவேண்டும்.

உங்கள் ஆய்வுக்கு நான் போடும் ஒழுங்கு இது. முதல் இரண்டு கிழமை இரசாயனத்தைத் தொடவே வேண்டாம். குலுக்காமல் வளர்த்து, ஈஸ்டோடு திரள்கிறதா, மனோசால் நிற்கிறதா, கலக்டோசால் நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகத் திரளும் தொகுதியைக் கிளிசரோலில் உறைய வைத்துவிடுங்கள். பிறகு ஒரே சங்கிலி, மூன்று மாட்டல், கூடவே காம்பு பூட்டிய ஒற்றை மனோசு. வாளவரையிலும் கச்சானிலும் ஒருநாள். பற்றீரியாவுக்கு வரும்போது குறைந்தது எட்டுச் செறிவுகள், ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் ஒரு ஈஸ்ட் துளி. அன்றைக்கு ஈஸ்ட் திரளவில்லை என்றால் குப்பியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், அன்றைய எண் எதையும் கொப்பியில் சேர்க்கவேண்டாம்.